கையைக் கணக்கிற் கொண்டுவந்தோர்

நேயர்களே, இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்குமாறு வலது முன்கையை மடிமீது தளர்வாக வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே இடக்கையால் மெல்லப் பற்றிக்கொள்ளுங்கள். இப்பொழுது வலக்கை விரல்களை மடக்குங்கள்; பின் நீட்டுங்கள். அசைவது விரல், ஆயின் திரண்டெழுந்து அடங்குவது முழங்கையை அடுத்துள்ள தசை. விரல்களுக்குள்ளே அவற்றை மடக்குந் தசை ஒன்றேனும் இல்லை. பாவைக்கூத்திலே திரைமறைவில் நின்று நூலிழுப்பவனைப் போல, முன்கையிலும் உள்ளங்கையிலும் உறையுந் தசைகள் நாண்களின் வழியாக விரல்களை ஆட்டிவைக்கின்றன.

நான் விஞ்ஞானப் பட்டதாரியல்லேன். சரித்திரமும் தமிழும் கற்பித்து, பின்னர் அதிபராகிப் பாடசாலைக் கந்தோரிற் காலங்கழிப்பவன். எனினும் ஆண்டுதோறும் ஏடு தொடக்கும் நாளிலே சின்னஞ்சிறு பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியிலே அகரம் வரைவிக்கும்போது, அந்த விரல் முதலில் முரண்டுபிடிப்பதையும், சில மாதங்கள் கழிய அதுவே பென்சிலைப் பற்றி ஓடுவதையும் கண்டு வியந்திருக்கிறேன். இந்த அசைவை எண்களாற் சொல்ல முடியுமா? முடியும் என்று நம்பியவர்களின் கதை நீண்டது. அது அரண்மனையிலும் பல்கலைக்கழகத்திலும் மட்டும் நடந்த கதையன்று. அதன் நடுப்பகுதி செங்கற்பட்டிலும் வேலூரிலும் நடந்தது.

கிரேக்கரிடமிருந்து தொடங்குவது சரித்திர ஆசிரியர்களின் பழக்கம்; என்னையும் அப்பழக்கம் விடவில்லை. கைகளைப் பெற்றமையால் மனிதன் அறிவாளியானான் என்றார் அனக்சகோரஸ். அறிவாளியாகையால் மனிதன் கைகளைப் பெற்றான் என்று அதனைத் தலைகீழாக்கினார் அரிஸ்டாட்டில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், பெர்கமம் நகரில் வாள்வீரர்களின் காயங்களுக்குச் சிகிச்சை செய்து அனுபவம் பெற்ற வைத்தியர். உடலுறுப்புகளின் பயன்பாடு குறித்து அவர் எழுதிய பெருநூல் கையிலிருந்தே தொடங்குகிறது. ஆயின் அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்குகளும் பிற விலங்குகளுமே. அவர் கூறியவற்றைச் சற்றேறக்குறைய 1300 ஆண்டுகள் ஐரோப்பா வேதவாக்காகக் கொண்டது.

அந்த மயக்கத்தைக் கலைத்தவர் வெசேலியஸ். 1543இல் பாசல் நகரில் வெளியான அவரது உடற்கூற்று நூலில் அவருடைய உருவப்படம் ஒன்றுண்டு. அதில் அவர் இதயத்தையோ மூளையையோ ஏந்தி நிற்கவில்லை. தோலுரித்த முன்கையொன்றைப் பிடித்து, விரல்களுக்குச் செல்லும் நாண்களைக் காட்டி நிற்கிறார். அதற்கு 89 ஆண்டுகளின் பின் 1632இல் ரெம்பிராண்ட் தீட்டிய ஓவியத்தில், டாக்டர் துல்ப் என்னும் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வைத்தியர், பிணத்தின் முன்கைத் தசையை இடுக்கியால் உயர்த்திப் பிடிக்கிறார். அவருடைய மற்றைக் கையின் விரல்கள் வளைந்திருக்கின்றன. இத்தசை இழுத்தால் இவ்வாறு மடங்கும் என்று தம் கையாலேயே மாணவருக்குக் காட்டுகிறார் போலும். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் அந்த ஓவியத்தை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும்.

பார்ப்பது ஒன்று, அளப்பது மற்றொன்று. அளக்க முயன்றவர்களுள் முன்னோடி இத்தாலியரான பொறெல்லி. அவர் இறந்த பின்னர், 1680ஆம், 1681ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது நூல், உடலை நெம்புகளின் தொகுதியாகக் கண்டு, மூட்டுக்கு மிக அண்மையில் இழுக்கும் தசை, தூக்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது என்று காட்டியது. இயற்கை சிறு முயற்சியாற் பெரும்பாரம் தூக்கும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாயிருந்திருக்கும். பாரிஸ் நகரில் வாழ்ந்த டேனியரான வின்ஸ்லோ, விரலின் முதுகுப்புறத்தில் நாண்கள் பிரிந்தும் பின்னியும் வலைபோல அமைந்திருப்பதை 1732இல் விவரித்தார். அவ்வலையின் கணக்கு இன்றும் ஆராய்ச்சியாளரைத் திணறடிப்பது.

19ஆம் நூற்றாண்டில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் சேர் சார்ள்ஸ் பெல். படைப்பிலே இறைவனின் வல்லமையையும் ஞானத்தையும் எடுத்துக்காட்டும் நூல்களுக்கென பிரிட்ஜ்வோட்டர் பிரபு 8,000 பவுண் எழுதிவைத்துவிட்டு 1829இல் இறந்தார். அப்பணத்தால் எழுந்த எட்டு நூல்களுள் ஒன்று, பெல் 1833இல் கையைப் பற்றி எழுதியது. அழகான நூல், ஆயினும் வியப்பு மிகுந்து கணக்குக் குறைந்தது என்பது என் எண்ணம். மற்றவர் பிரெஞ்சு வைத்தியரான டூசென். நிரந்தரப் பதவி ஏதுமின்றி, சிறு மின்கருவியொன்றைச் சுமந்துகொண்டு பாரிஸ் வைத்தியசாலைகளில் நோயாளிக்கு நோயாளி சென்று, தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி, எது எதனை அசைக்கிறதெனக் குறித்து வந்தார். அவரது பெருநூல் 1867இல் வந்தது. உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும் சிறுதசைகள், விரலின் அடிமூட்டை மடக்கும் அதேவேளை அடுத்த இரு மூட்டுகளையும் நீட்டுகின்றன என்று அவர் காட்டினார். ஒரே தசை ஒரு மூட்டை மடக்கி மற்றதை நீட்டுவதாவது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றும். நாண் அடிமூட்டின் உள்ளங்கைப் பக்கமாகச் சென்று, பின் விரலின் முதுகுப்பக்கம் ஏறிவிடுவதே காரணம். அச்சிறுதசைகள் செயலிழந்தால் அடிமூட்டு பின்னோக்கி வளைய, நுனிமூட்டுகள் உள்நோக்கிச் சுருண்டு, கை பருந்தின் நகம்போல் ஆகிவிடும்.

அத்தகைய கைகளை ஆயிரக்கணக்கிற் காணவேண்டுமாயின் அக்காலத்தில் தொழுநோய் நிலையங்களுக்குச் சென்றாற் போதும். போல் பிராண்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1947இல் அவ்வாறு சென்ற இடம் செங்கற்பட்டு. ஆங்கிலேயர் என்று சொன்னேன். ஆனால் அவர் 1914இல் கொல்லிமலையிலே மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, ஒன்பது வயது வரை அங்கே வளர்ந்தவர். பின் இங்கிலாந்து சென்று, வைத்தியம் கற்குமுன் கட்டடத் தொழில் பயின்றார். தச்சனும் கொத்தனும் பாரத்தையும் தாங்குதலையும் நோக்கும் அந்த நோக்கு அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தை நடத்திய டாக்டர் கொக்ரேன் அவரை அழைத்துச் சென்று காட்டினார்.

அங்கே விரல்கள் சுருண்ட ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, இயன்றளவு இறுக்கிப் பிடிக்குமாறு பிராண்ட் கேட்டார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தார். நோயாளியோ நகம் பதிய இறுக்கிவிட்டான். பிராண்ட் வலியால் துடித்தார். தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது உணர்ச்சியற்ற அந்தக் கைக்குத் தெரியவில்லை. மற்றொருவராயின் கையை உதறிவிட்டு அப்பாற் போயிருப்பர். பிராண்டுக்கோ அந்த வலியே செய்தியாயிற்று. கை முழுவதும் செத்துவிடவில்லை. உள்ளே வலிய தசைகள் உயிரோடிருக்கின்றன. அப்படியானால் இழந்தவை எவை, எஞ்சியவை எவை?

ஏராளமான நோயாளிகளின் கைகளை வரிசையாகச் சோதித்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முழங்கையின் பின்புறமாகச் செல்லும் நரம்பும், மணிக்கட்டின் அருகே நடு நரம்பும் தாக்கப்படுகின்றன. முன்கையின் மேற்பாகத்தில் இருக்கும் பெருந்தசைகளுக்குச் செல்லும் கிளைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று போனாலும் மற்றது மடக்கும். ஆகவே அந்த ஒன்றை அதன் பழைய இடத்திலிருந்து விடுவித்துக் கீறிப் பிரித்து, செயலிழந்த சிறுதசை நாணின் வழியிலே கொண்டுபோய்த் தைத்துவிட்டால், பழைய வேலைக்காரன் புதிய வேலையைச் செய்வானல்லவா? இத்தகைய நாண் மாற்றுச் சத்திரசிகிச்சை இளம்பிள்ளைவாதத்திற்கும் விபத்துகளுக்கும் முன்னரே செய்யப்பட்டு வந்தது. தொழுநோயாளரின் தசை புண் ஆறாத கெட்ட தசை என்ற எண்ணம் பரவியிருந்தமையால், அவர்களுக்குச் செய்ய எவரும் முன்வரவில்லை. வேலூரிலே செய்தபோது புண் ஆறியது, விரல் நிமிர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. சுகம் பெற்றுச் சென்ற சிலர் திரும்பிவந்து, இந்தக் கைகள் பிச்சையெடுக்க உதவா என்று முறையிட்டனராம். சுருண்ட கையைக் கண்டு இரங்கியவர்கள் நிமிர்ந்த கைக்குக் காசு போடவில்லை. தொழுநோயாளி என்ற பெயரோ நீங்காமையால் வேலையும் கொடுக்கவில்லை. ஆகவே சத்திரசிகிச்சையோடு நில்லாது தச்சு முதலிய தொழில்களைப் பழக்கும் நிலையமும் வேலூரில் எழுந்தது. விரலசைவின் கணக்கை ஆராய்கிறோம் என்று சொல்லும்போது, அக்கணக்கின் மறுகரையில் ஒருவனுடைய சோறு இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

எல்லாச் சிகிச்சைகளும் ஒருபடித்தாக வெற்றியடையவில்லை. சிலவற்றில் மாற்றிவைத்த தசைக்குப் போதிய வலு இல்லை. சிலவற்றில் வலு இருந்தும் நாண் போதிய தூரம் நகரவில்லை. சில வேளை அளவுக்கு மிஞ்சி இழுத்து, விரல் எதிர்ப்பக்கமாகக் கோணிற்று. எந்தத் தசையை எங்கே மாற்றலாம் என்பதைக் கைப்பழக்கத்தாலன்றி எண்ணாலே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் பிராண்டுக்கு வலுப்பட்டது. 1966இல் அவர் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள கார்வில் என்னும் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே பொறியியலாளர்களைத் துணைக்கொண்டு அளக்கத் தொடங்கினார்.

அவர் கையாண்ட விதியொன்று பாடசாலைக் கணிதத்தில் அடங்குவது. நாண் மூட்டின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்திற் செல்கிறதோ, மூட்டு ஓர் ஆரையன், அஃதாவது ஏறக்குறைய 57 பாகை திரும்பும்போது அந்நாண் அவ்வளவு தூரமே நகரும். அச்சிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளிச் செல்லும் நாண், 57 பாகைக்கு 10 மில்லிமீற்றர் நகரும். செங்கோணத்துக்கு 16 மில்லிமீற்றர் வரை நகரும். ஆகவே நாணின் நகர்வை அளந்தால் நெம்பின் நீளத்தை அறியலாம். மூட்டை அறுத்து அச்சைத் தேடவேண்டியதில்லை. தசையைப் பற்றியும் இவ்வாறே இரண்டு அளவுகள் போதும். நார் நீளமாயின் நகர்வு அதிகம். குறுக்குப்பரப்பு அதிகமாயின் விசை அதிகம். முழங்கைக்குக் கீழுள்ள தசைகள் யாவற்றுக்கும் இவ்வளவுகளை அட்டவணையாக்கி, பிராண்டும் தோழர்களும் 1981இல் வெளியிட்டனர். 1985இல் அவரது கைப்பொறிமுறை நூல் வந்தது. கையைக் கணனியில் அமைக்க விரும்பியோர்க்கு அந்த அட்டவணை ஒரு பொக்கிஷமாயிற்று.

கணனிக்கு வருமுன், பிறர் சேர்த்துவைத்த இரண்டு பொருள்களையும் குறிப்பிடவேண்டும். லைடன் பல்கலைக்கழகத்தின் லாண்ட்ஸ்மீர், மூன்று என்புகளும் இரண்டு மூட்டுகளும் கொண்ட சங்கிலியை மடக்கும் நாண் ஒன்றும் நீட்டும் நாண் ஒன்றுமாக இரண்டை மட்டும் கொண்டு நிலைநிறுத்த முடியாது, அது கோணல்மாணலாகச் சரிந்துவிடும், மூன்றாவது நாண் வேண்டும் என்று காட்டினார். டூசென் கண்ட பருந்து நகத்திற்கு அதுவே வடிவகணித விளக்கம். மற்றது தசையின் இயல்பு. 1922ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில், 1938இல் தவளைத் தசையை ஆராய்ந்து, தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறைகிறது என்பதைச் சமன்பாடாகத் தந்தார். கணனியில் இன்று அசையும் தசை மாதிரிகளுட் பெரும்பாலானவற்றுக்கு அச்சமன்பாடே அடிவேர்.

கணனித் திரையிலே கை முதன்முதல் அசைந்து புகழ்பெற்றது வைத்தியத்துக்காகவன்று. 1972இல் யூட்டா பல்கலைக்கழகத்து மாணவரான எட் கட்மல், பிரெட் பார்க் என்னும் தோழருடன் சேர்ந்து, தம் இடக்கையைச் சாந்தில் வார்த்தெடுத்து, அவ்வார்ப்பின்மீது மையினாற் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, மூலை ஒவ்வொன்றையும் அளந்து கணனிக்கு ஊட்டினார். திரையிலே அந்தக் கை விரல்களை மடக்கியது, நீட்டியது, சுழன்றது. 1976இல் ‘பியூச்சர்வேர்ல்ட்’ என்னும் திரைப்படத்தில் அக்காட்சி இடம்பெற்றது. 2011இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது. அற்புதமான வேலைதான், எனினும் அது தோல் மட்டுமே. உள்ளே என்பில்லை, நாணில்லை. கட்டளைப்படி மடங்கிற்றேயன்றி எத்தசை இழுத்து மடங்கியது என்று அதனிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் மின்னசோட்டா மாநிலத்து மேயோ வைத்தியநிலையத்தார் முதன்மையானவர்கள். ஆன், சாவ் முதலியோர் 1979இல், மாதிரிக் கையொன்றை எண்களால் அமைத்து வெளியிட்டனர். ஒவ்வொரு நாணும் ஒவ்வொரு மூட்டையும் எந்த இடத்தில், எந்தத் திசையிற் கடக்கிறது என்பது அதிற் குறிக்கப்பட்டது. அப்போது அவர்களை எதிர்கொண்ட இடர் சுவையானது. சுட்டுவிரலுக்கு அசைவு வகை நான்கு. அதனை இயக்கும் தசைகளோ ஏழு. ஏழு தெரியாக்கணியங்களுக்கு நான்கு சமன்பாடுகள் என்றால், எட்டாம் வகுப்பு மாணவனும் விடை ஒன்றல்ல என்று சொல்லிவிடுவான். ஊசியொன்றை எடுக்கும்போது ஏழு தசைகளும் வேலையை எண்ணிறந்த விதங்களிற் பங்கிட்டுக்கொள்ளலாம். உடல் ஒரு விதத்தைத் தெரிந்தெடுக்கிறது. எந்த அளவுகோலால்? மிகக் குறைந்த விசை என்று சிலர், மிகக் குறைந்த களைப்பு என்று சிலர் எடுத்துக்கொண்டு கணக்கிட்டனர். அவ்விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

கார்விலிலே பியூபோர்ட், தாம்சன் ஆகிய இருவரும் 1987இல், கையின் என்புகளையும் நாண்களையும் முப்பரிமாணமாகத் திரையிற் காட்டி, பார்ப்பவரே அவற்றை அசைத்து விளைவைக் காணக்கூடிய கணனி அமைப்பை விவரித்தனர். தொழுநோயாளரை ஒதுக்கிவைப்பதற்கென்று 1894இல் தொடங்கிய இடத்திலிருந்து இப்பணி எழுந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 1989இல் சாஜாக் என்பவர், தசை எதுவாயினும் உச்சவிசை, நாரின் உகந்த நீளம், நார் சாயுங் கோணம், நாணின் தளர்நீளம் முதலிய சில எண்களை மாற்றினால் ஒரே மாதிரியில் அடக்கலாம் என்று ஒழுங்குபடுத்தினார். அவ்வழியில் வந்த ஸ்கொட் டெல்ப் குழுவினர் முதலிற் காலை அமைத்தனர். கைக்கு வர ஆண்டுகள் பல சென்றன. 2005இல் ஹோல்ஸ்பவுர், மறே, டெல்ப் ஆகியோர் வெளியிட்ட மாதிரியில் தோள் முதல் விரல் வரை 15 அசைவு வகைகளும் 50 தசைக்கூறுகளும் இருந்தன. ஆயின் விரல்களுள் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே அதில் அசைந்தன. தொழுநோய் முதலிற் சுருட்டிவிடும் மோதிரவிரலும் சின்னவிரலும் அதில் இல்லை. அவை பின்வந்த மாதிரிகளிற் சேர்ந்தன.

பெருவிரலோ எல்லோரையும் ஏமாற்றியது. அதன் அடிமூட்டு கதவுக்கீல்போல் இரண்டு அச்சுகளிற் சுழல்கிறது என்பது தெரிந்ததே. அவ்விரு அச்சுகளும் செங்கோணத்தில் ஒன்றையொன்று வெட்டுமென வைத்துக் கணக்கிடுவது வழக்கமாயிருந்தது. 1992இல் கார்வில் ஆராய்ச்சியாளர்கள், அவை வெட்டுவதுமில்லை, செங்கோணத்திலுமில்லை, ஒன்று மணிக்கட்டு என்பிலும் மற்றது உள்ளங்கை என்பிலும் ஓடுகின்றன என்று அளந்து காட்டினர். 2003இல் வலேரோ-குவேவாஸ் குழுவினர் பழைய வழக்கப்படி அமைத்த மாதிரியைச் சோதித்தபோது, பெருவிரல் நுனியின் விசையை அது சரியாகச் சொல்லவில்லை. தசை அளவுகளை எவ்வளவு மாற்றினும் பிழை நீங்கவில்லை. அச்சுகளை அவ்வாறு வைத்ததே பிழைக்குக் காரணமாயிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அதனோடு படக்கலைஞர்களும் தோலைவிட்டு உள்ளே புகுந்தனர். 2003இல் ஜெர்மனியின் சார்புருக்கனிலும், 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், தசையும் நாணும் இழுக்கத் தோல் அசையும் கைகள் ஆக்கப்பட்டன.

பிராண்ட் 2003இல் காலமானார். கார்வில் வைத்தியசாலை 1999இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் ஒரு நூதனசாலை இருக்கிறது. அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று இன்னும் முற்றாகத் தீரவில்லை. மாற்றிய நாணை எவ்வளவு இழுத்துத் தைப்பது என்பதே அது. மிகுதியாயின் விரல் விறைக்கும், குறைந்தால் தொங்கும். 1990களில் லீபர், பிரிடென் ஆகியோர் சத்திரசிகிச்சை நடக்கும்போதே தசையினூடாக லேசர்க் கதிரைச் செலுத்தி, நாரின் நுண்ணலகு எவ்வளவு நீண்டிருக்கிறதென்று மைக்ரோமீற்றர் கணக்கில் அளந்தனர். அக்கருவி எல்லா வைத்தியசாலைகளுக்கும் வந்துவிடவில்லை. வேலூரிலாயினும் வேறிடத்திலாயினும், மணிக்கட்டை ஒரு பக்கம் சாய்த்து விரல் எவ்வளவு மடங்குகிறதென நோக்கி, நாணின் நுனியை இடுக்கியாற் சற்று இழுத்துப் பார்த்து, இது போதும் என்று தாமே தீர்மானித்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் பெரும்பாலும் முதல் தையலைப் போடுகிறார்.